உள்சுவர்ப் பூச்சு பெயர்ந்தால் எவ்வளவு செலவாகும்? – கேள்வி பதில்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை உள்சுவரைப் பற்றியவை. கட்டட மேற்பார்வையாளராக 30 ஆண்டுகளுக்கும் மேல் இந்தப் பகுதியிலேயே வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். கணக்குக் காட்டும் இடங்களில் கொத்தனார் கூலி நாளொன்றுக்கு 1,100 ரூபாய், சித்தாள் கூலி 700, சிமெண்ட் மூட்டை 400, பூச்சு மணல் கன அடி 70 என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடியிலிருந்து ஒருவர்: வீடு கட்டி 12 ஆண்டுகள் ஆகின்றன. படுக்கையறைச் சுவரில் பூச்சு உப்பி ஆங்காங்கே விழுகிறது. நான்கு சுவர்களையும் கொத்திவிட்டு 400 சதுர அடிக்கும் புதிதாகப் பூச வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் சொல்கிறார். அவ்வளவு தேவையா ஐயா?

அதை அவரும் நானும் முடிவு செய்ய வேண்டியதில்லை, சுவரே சொல்லிவிடும். ஒரு நாணயத்தால் சுவரை ஒரு முனையிலிருந்து சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். பூச்சு செங்கல்லைப் பிடித்திருக்கும் இடத்தில் கெட்டியான ஓசை வரும். விட்டுப்போன இடத்தில் காலிப் பானையைத் தட்டியதுபோல் பொக்கென்று ஒலிக்கும். பொக்கு ஓசை வரும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் வளைத்துக் கோடு போட்டு, ஒவ்வொன்றையும் நீளம், உயரம் அளந்து கூட்டுங்கள். நான் பார்த்த வீடுகளில் அது பெரும்பாலும் அறையின் மொத்தப் பரப்பில் கால் பங்கைத் தாண்டுவதில்லை.

100 சதுர அடிக்கு 12 மில்லிமீட்டர் கனத்தில் 1:5 கலவை (ஒரு பங்கு சிமெண்ட், ஐந்து பங்கு மணல்) பூச, சேதாரத்தோடு சேர்த்துக் கிட்டத்தட்ட ஒரு மூட்டை சிமெண்டும் 6 கன அடி மணலும் போதும். கொத்துவதற்கு ஒரு சித்தாள் நாள், பூசும் அன்று ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் என்றால் கூலி 2,500 ரூபாய், பொருள் 820 ரூபாய், ஆக 3,320 ரூபாய். சதுர அடிக்கு 33 ரூபாய். இடிபாட்டை அள்ளும் வண்டிச் செலவும் பட்டி (வர்ணத்துக்கு முன் சுவரை வழவழப்பாக்கும் மெல்லிய பூச்சு), வர்ணச் செலவும் இதில் சேரவில்லை. உங்கள் அறையில் பொக்கு விழுந்தது 60 சதுர அடி என்று வந்தால், கூலி மாறாமல் பொருள் மட்டும் குறைந்து, 3,000 ரூபாயில் வேலை முடியும். 400 சதுர அடிக்கும் பூசினால் 13,000 ரூபாயைத் தாண்டும். நன்றாக இருக்கும் பூச்சைக் கொத்தி எடுப்பதற்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

புதுவயலிலிருந்து: வெறும் 15 சதுர அடி ஒட்டுப் பூச்சுக்கு 2,000 ரூபாய் கேட்கிறார்கள். அநியாயம் இல்லையா?

அநியாயம் இல்லை. 15 சதுர அடியானாலும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அன்றைய நாள் உங்கள் வீட்டிலேயே போய்விடுகிறது. கூலி 1,800, பொருள் நூற்றுச் சொச்சம். செலவைக் குறைக்க வேண்டுமானால் அடுப்படி மேடை, குழாய்க்காகக் காடி வெட்டிய இடம், மாடிப்படி ஓரம் என்று வீட்டிலுள்ள சிறு வேலைகளையெல்லாம் சேர்த்து ஒரே நாளில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததே, ஏன் கூலி குறையவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். மூட்டைக்கு 30 ரூபாய் குறைந்தாலும் பூச்சு வேலையில் சதுர அடிக்கு 30 காசுதான் மிச்சமாகும். இந்த வேலையில் பணம் போவது ஆள் கூலிக்குத்தான்.

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி: எங்கள் மாமனார் காலத்து வீடு. இரண்டாங்கட்டில், அதாவது இரண்டாம் முற்றப் பகுதியில், சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குப் பழைய சுண்ணாம்புப் பூச்சு மாவு மாவாக உதிர்கிறது. சிமெண்ட் போட்டால் சீக்கிரம் முடிந்துவிடும், மலிவும்கூட என்கிறார்கள். போடலாமா?

வேண்டாம் ஆச்சி. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தப் பகுதியில் மிக அதிகமாகக் கெட்டுப்போகும் வேலை இதுதான்.

உங்கள் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர். தரையின் ஈரத்தைச் செங்கல் உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. அந்த ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியாக மெல்ல மெல்ல ஆவியாகி வெளியேறுகிறது. ஈரத்தோடு வரும் உப்பு பூச்சில் தங்கிப் பூப்பதால்தான் மேல்பூச்சு உதிர்கிறது. சுவரைக் காப்பதற்காகப் பூச்சு தன்னையே இழக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேறும் வழி அடைபட்டு, இன்னும் உயரே ஏறும். என் தாயார் வீட்டில் இடுப்பளவு சிமெண்ட் பூசினோம். மூன்றாவது மழைக்காலம் முடிந்தபோது சிமெண்ட் அப்படியே இருந்தது; அதற்கு மேலே, அதுவரை பளிங்குபோல இருந்த பழைய பூச்சில் ஒரு முழ அகலத்துக்கு உப்புப் பூத்திருந்தது. விரல் வைத்தால் அரிசி மாவுபோல ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தச் சிமெண்டைக் கொத்தி எடுத்தபோது பழைய செங்கல்லின் முகமும் சேர்ந்து பெயர்ந்தது. முதல் செலவைப்போல மூன்று மடங்கு ஆயிற்று.

இப்போது செய்ய வேண்டியது: உதிரும் பகுதியை மட்டும் செங்கல் தெரியும்வரை நீக்கி, உலர்ந்த தூரிகையால் உப்பைத் துடைத்து எடுத்து, சில வாரங்கள் அப்படியே காய விடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம். கழுவினால் உப்பு மறுபடியும் சுவருக்குள் போய்விடும். பிறகு நீற்றிய சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தை மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். ஓர் அடுக்கு இறுகிய பின்புதான் அடுத்த அடுக்கு. அதனால் கொத்தனார் பல நாள் வந்து போக வேண்டியிருக்கும். 40 சதுர அடிக்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் 1,400 ரூபாய்க் கூலியில் ஆறு நாள், சித்தாள் ஆறு நாள் என்றால் கூலி மட்டும் 12,600 ரூபாய், சதுர அடிக்கு 315 ரூபாய். சிமெண்ட்டைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இது சுவரோடு ஒத்துப்போகும் பூச்சு. சிமெண்ட் அங்கே ஒத்துப்போகாது.

கடுக்காய் நீர், வெல்லம், முட்டை வெண்கரு சேர்த்து இழைக்கும் மேல்பூச்சு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றடி உயரத்தில் ஈரம் ஏறும் இடத்துக்கு அது தேவையில்லை. அதன் செலவு கண்ணில் படும் முகப்பிலும் வளவிலும் (நடு முற்றத்தைச் சுற்றிய பகுதி) இருக்கட்டும். இரண்டாங்கட்டின் அடிச்சுவருக்குச் சாதாரணச் சுண்ணாம்புப் பூச்சும் மேலே வெள்ளையடிப்பும் போதும்.

தேவகோட்டையிலிருந்து: ஈரம் வரும் சுவருக்கு உள்ளே வாட்டர்ப்ரூஃப் வர்ணம் அடித்தால் போதாதா?

போதாது. முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஓர் அடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உட்புறம் நீர் கோர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறம் கோர்த்தால் அறைக்காற்றின் ஈரம். சன்னலைத் திறந்து வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சுவருக்குள் என்றால் மறுபக்கம் குளியலறைக் குழாய், ஓடு விலகிய கூரை, மழைநீர் வடிய முடியாமல் அடைபட்ட தாழ்வாரத் தகரம் ஆகிய மூன்றையும் பார்க்காமல் பூச்சுக்குப் பணம் எடுக்காதீர்கள். ஜிப்சம் பூச்சு கேட்டவர்களுக்கும் இதே பதில்: ஈரம் உள்ள சுவருக்கு அது ஆகாது.

ராயவரத்திலிருந்து: சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடுகிறது. பட்டி பார்த்தும் மறுபடி வருகிறது.

விரிசலின் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டைப் பட்டைபோல ஒட்டித் தேதி எழுதுங்கள். ஒரு மழைக்காலம், ஒரு கோடை கடந்தும் உடையாவிட்டால் விரிசல் நின்றுவிட்டது. V வடிவில் வெட்டி, வலை வைத்து அடைக்கலாம். உடைந்தால் அசைவு அடித்தளத்திலோ சன்னல் மேல் உத்தரத்திலோ இருக்கிறது. பூச்சுக் கொத்தனாரை விட்டுவிட்டுப் பொறியாளரை அழைத்துவாருங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து: ஐந்து புள்ளிகளுக்கு, அதாவது ஐந்து பங்காளிக் குடும்பங்களுக்கு, பொதுவான வீடு. எங்கள் அறையின் பூச்சு கூரை ஒழுகிக் கெட்டது. செலவை எப்படிப் பங்கிடுவது?

சட்டம் சொல்ல நான் தகுதியானவன் இல்லை. வேலையைப் பிரிக்கும் முறையைச் சொல்கிறேன். கூரை எல்லாருக்கும் பொது என்பதால் ஓடு மாற்றும் செலவை ஐந்தாகவும், அறைக்குள் பூசும் செலவை உங்கள் கணக்கிலும் தனித்தனி மதிப்பீடாக எழுதி வாங்குங்கள். ஒரே சீட்டில் இரண்டையும் எழுதினால் பங்காளிகளுக்குள் பேச்சு வளரும்; அதற்குள் இன்னொரு மழை வந்துவிடும்.

தேவகோட்டையிலிருந்து இன்னொருவர்: வைகாசியில் பூர்வீக வீட்டில் மகள் திருமணம். வளவுச் சுவரின் பழைய பூச்சைச் சரிசெய்ய வேண்டும். சித்திரையில் தொடங்கலாமா?

சுண்ணாம்புப் பூச்சுக்கு அது தாமதம். தை பிறந்ததும் தொடங்கினால் பங்குனிக்குள் அடுக்குகள் இறுகிவிடும். சித்திரை வெயிலில் பூசினால் மேல்முகம் உடனே வறண்டு வெடிக்கும். தையில் ஆள் கிடைக்காவிட்டால் பெயர்ந்த இடத்தை விளிம்பு மட்டும் கட்டி நிறுத்தி வெள்ளையடித்துத் திருமணத்தை முடியுங்கள். முழு வேலையை அடுத்த தைக்கு வையுங்கள். சுண்ணாம்பை உங்கள் வீட்டிலேயே நீற்றுவதாக இருந்தால் அது கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையைக் கெடுக்கும். குழந்தைகள் ஓடியாடாத பின்கட்டில் மட்டும் தொட்டி வைக்கச் சொல்லுங்கள்.