வாயை மட்டும் அசைக்கச் சொன்னது யார்?

கேள்வி: நாங்கள் இந்துக் குடும்பம். படிப்பும் ஒழுக்கமும் நன்றாக இருக்கும் என்று மகனை ஆறாம் வகுப்பில் ஒரு கத்தோலிக்க ஆண்கள் பள்ளியில் சேர்த்தோம். இப்போது ஒன்பதாம் வகுப்பு. காலை ஜெபத்தில் எல்லோருடனும் நிற்க வேண்டியிருக்கும், சும்மா வாயை மட்டும் அசைத்துவிடு, ஃபாதர் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்று சேர்த்த அன்றே சொல்லிவைத்தேன். அதனால் இதுவரை பிரச்சினை இல்லை. இந்த டேர்ம் கடைசி நாளில் பையன்களை அமைதியாக உட்காரவைத்து, கடந்த மாதங்களை யோசித்துப் பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவனுக்குத் தெரியாமல் அந்த நோட்டைப் பார்த்தேன். 'இங்கே தினமும் ஜெபம் செய்வதுபோல் நடிக்கிறேன். வீட்டில் சாமி கும்பிடுவதே இல்லை. யாரை ஏமாற்றுகிறேன் என்று தெரியவில்லை. இன்று சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் நிஜமாகவே கடவுளிடம் பேசினேன்' என்று எழுதியிருக்கிறான். மதம் மாற்றிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. டி.சி. கேட்டு விண்ணப்பம்கூட எழுதிவைத்துவிட்டேன். என்ன செய்வது?

- பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்: 'வாயை மட்டும் அசைத்துவிடு.' போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள், அம்மா. எனக்கு அதற்கு மேல் கடிதம் நகரவில்லை.

இதே மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வரும். 'எங்கள் பிள்ளையை மாற்றப் பார்க்கிறார்கள்' என்று ஒரு பக்கம். 'எங்கள் பள்ளியில் வேற்று மதப் பையன் ஏன் மேடையேறிப் பிரார்த்தனை சொல்கிறான்' என்று கத்தோலிக்கப் பெற்றோர் இன்னொரு பக்கம். உங்கள் மகனை யாராவது வற்புறுத்தியிருந்தால், மிரட்டியிருந்தால், நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. இருப்பது ஒரே ஒரு கட்டளைதான். அது நீங்கள் போட்டது.

பதினொரு வயதுப் பிள்ளை அவன். புதுச் சீருடையில், முன்பின் தெரியாத பையன்களுக்கு நடுவே, கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் வராமல் உதட்டை அசைக்கிறான். பக்கத்தில் நிற்பவன் கண்டுபிடித்துவிடுவானோ என்று பயந்திருப்பான். நான்கு வருடமாகத் தினமும் காலையில் இதே வேலை. கடவுள் முன்னால் பொய் சொல்லலாம், பெரியவர்கள் பார்த்தால் போதும் என்பதைத்தான் அவன் உங்களிடம் கற்றுக்கொண்டான். உங்கள் சாமியாக இருந்தாலும் அவர்கள் சாமியாக இருந்தாலும் இது இரண்டு பேருக்குமே அவமரியாதை.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், அவனிடம் யாருமே அப்படிக் கேட்கவில்லை. 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், அதாவது உலகெங்கிலுமிருந்து கத்தோலிக்க ஆயர்கள் கூடிய பொது மாநாடு, பிற மதங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த மதங்களில் உண்மையாகவும் புனிதமாகவும் இருக்கும் எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்கிறது அது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த இன்னொரு அறிக்கை, மத விஷயத்தில் யாரையும் மனசாட்சிக்கு எதிராக நடக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அவர்கள் சபையே எழுதிவைத்தது இது. 1986 அக்டோபர் 27 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பல மதத் தலைவர்களை இத்தாலியில் உள்ள அசிசி நகருக்கு அழைத்தார். ஒவ்வொருவரும் தங்கள் முறைப்படி பிரார்த்தனை செய்தார்கள். ஒருவர் செய்யும்போது மற்றவர்கள் மரியாதையாக அமைதி காத்தார்கள். யாரும் யாருக்காகவும் வாயசைக்கவில்லை. உங்கள் மகனும் கைகட்டி அமைதியாக நின்றிருக்கலாம். ஃபாதரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்குத் தைரியம் இல்லாததால் பிள்ளையை நடிக்கவிட்டீர்கள்.

அந்தக் கடைசி நாள் விஷயத்துக்கு வருகிறேன். கத்தோலிக்கர்கள் இதை ஆன்ம சோதனை என்பார்கள். 16ஆம் நூற்றாண்டில், இயேசு சபை என்ற துறவியர் சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் இதற்கு ஒரு முறை வகுத்துக் கொடுத்தார். முதலில் நன்றி சொல்வது, அப்புறம் நடந்ததை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்ப்பது, எங்கே தவறினோம் என்று கண்டுபிடிப்பது, மன்னிப்புக் கேட்பது, இனி எப்படி நடப்பது என்று தீர்மானிப்பது. உங்கள் மகன் அதைத்தான் செய்தான். தன் தவறைத் தானே கண்டுபிடித்தான். நான்கு வருடத்தில் அந்தப் பள்ளியில் அவன் பொய்யில்லாமல் இருந்த சில நிமிடங்கள் அவை. நீங்கள் பயப்படுவது அதைப் பார்த்துத்தான்.

'வீட்டில் சாமி கும்பிடுவதே இல்லை' என்றும் எழுதியிருக்கிறானே, அந்த வரி உங்கள் கண்ணில் படவில்லையா? பிள்ளைக்கு முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோர்தான் என்று கல்வியைப் பற்றிய வத்திக்கான் சங்க ஏடே சொல்கிறது. என் கருத்தும் அதுதான், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் மதம் அவனிடம் தங்க வேண்டுமென்றால் அதை நீங்கள் கொடுத்திருக்க வேண்டும். ஒன்றுமே கொடுக்காத இடத்திலிருந்து பள்ளிக்கூடம் எதைத் திருடும்?

பள்ளி திறப்பதற்கு முன் அவனை உட்காரவைத்துப் பேசுங்கள். நோட்டைப் படித்ததை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. 'வாயசைக்கச் சொன்னது என் தப்பு' என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். அவன் அப்பாவும் பக்கத்தில் இருக்கட்டும். உங்கள் கடிதம் முழுக்க அந்த மனிதரைக் காணோம். மாலையில் ஐந்து நிமிடம் மூன்று பேரும் விளக்கின் முன் உட்காருங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு பாட்டைச் சொல்லிக்கொடுங்கள், அது போதும்.

அப்புறம் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். 'என் மகன் ஜெப நேரத்தில் மரியாதையாக நிற்பான், ஆனால் ஜெபம் சொல்ல மாட்டான்' என்று நேராகச் சொல்லுங்கள். அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மா பயப்படாமல் பேசுவதை அவன் ஒருமுறையாவது பார்க்கட்டும்.

டி.சி. விண்ணப்பத்தை அவனிடமே கொடுங்கள். அந்த வரிசையில் நான்கு வருடம் நின்றவன் அவன். பள்ளியை விடுவதா வேண்டாமா என்று அவனிடம் இதுவரை நீங்கள் கேட்கவே இல்லையே.