நான்காம் வகுப்பில் புதிதாகச் சூலு: ஆண்டுத் திட்டத்தை எப்படிப் போடுவது?

கேள்வி: டர்பனில் ஒரு தனியார் தொடக்கப் பள்ளியில் மொழிப் பாடங்களை ஒருங்கிணைக்கிறேன். வரும் ஜனவரியில் 4ஆம் வகுப்பில் ஆஃப்ரிகான்ஸுக்குப் பதிலாகச் சூலு, முதல் கூடுதல் மொழியாக வருகிறது. ஆசிரியைக்குச் சூலு தாய்மொழி, எனக்குத் தெரியாது. கல்வித் துறையின் ஏ.டி.பி. (ஆண்டுப் பாடத் திட்டம்) கையில் இருக்கிறது. அதை அப்படியே பின்பற்றலாமா? வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் சூலு பேசுகிறவர்கள். அவர்களை எப்படிச் சமாளிப்பது? சூலு தெரியாத பெற்றோருக்கு வீட்டுப்பாடம் அனுப்பிப் பயன் உண்டா?

பதில்: அப்படியே பின்பற்றாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் தேசியப் பாடத்திட்டமான கேப்ஸில் முதல் கூடுதல் மொழி 1ஆம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. 4ஆம் வகுப்பு ஏ.டி.பி. எழுதப்பட்டிருப்பது மூன்று வருடம் சூலு கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு. உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்த மூன்று வருடம் இல்லை. தலைப்புகளையும் மதிப்பீட்டுப் பணிகளையும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்தையும் வரிசையையும் நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலில் நாட்காட்டி. நான்கு பருவம், பருவத்துக்குப் பத்து வாரம் என்பது காகிதக் கணக்கு. ஜனவரியில் பள்ளி திறக்கும் முதல் வாரம் நோட்டுக்கு அட்டை போடுவதில் போகும். ஏப்ரல் 27, மே 1 விடுமுறைகள் அடுத்தடுத்து வரும், ஈஸ்டரும் அந்தப் பக்கம்தான். ஜூனிலும் நவம்பரிலும் மதிப்பீடு. நானாக இருந்தால் 32 வாரத்துக்குத்தான் திட்டம் போடுவேன். கேப்ஸ் 4ஆம் வகுப்பில் இந்தப் பாடத்துக்கு வாரம் 5 மணி நேரம் தருகிறது, இரண்டு வாரச் சுற்றாக. ஒரு சுற்றின் 10 மணியில் 5 மணி வாசிப்பு, கேட்டல் பேசுதலுக்கு 2, எழுத்துக்கு 2, இலக்கணத்துக்கு 1. ஆக உங்களிடம் இருப்பது 16 சுற்று.

இந்தப் 16 சுற்றையும் 'நிறங்கள்', 'விலங்குகள்', 'வானிலை' என்று சொற்பட்டியல்களாக நிரப்பிவிடுவதுதான் பெரும்பாலான திட்டங்களில் நடக்கிறது. டிசம்பரில் பிள்ளைக்கு நூறு பெயர்ச்சொல் தெரியும், ஒரு வாக்கியம் வராது. சூலுவில் பெயர்ச்சொற்கள் வகுப்புகளாகப் பிரிந்திருக்கின்றன. எழுவாய் எந்த வகுப்போ அதற்கேற்ப வினைச்சொல்லின் முன்னொட்டு மாறும். உம்ஃபானா உயாகிஜிமா, பையன் ஓடுகிறான். அபஃபானா பயாகிஜிமா, பையன்கள் ஓடுகிறார்கள். இன்ஜா இயாகிஜிமா, நாய் ஓடுகிறது. நாய்கள் என்றால் இஸின்ஜா ஸியாகிஜிமா. நமக்கு 'ஓடுகிறான், ஓடுகிறது' என்று வினையின் கடைசியில் நடப்பது அங்கே தொடக்கத்தில் நடக்கிறது. ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்த பிள்ளைக்கு இது முழுக்கப் புதிது. எனவே ஆண்டின் முதுகெலும்பு பெயர்ச்சொல் வகுப்புகளாக இருக்கட்டும். ஆனால் வகுப்பறையில் அந்த வார்த்தையையே உச்சரிக்க வேண்டாம். அது உங்கள் திட்டத்தாளுக்கு மட்டும்.

முதல் பருவம் மனிதர்கள்: நான், நண்பன், குடும்பம். உ-, ப- முன்னொட்டுகள் காதில் ஊறும்வரை அதே பத்துப் பன்னிரண்டு வினைகள்தான். எழுத்து மிகக் குறைவு. வணக்கம் சொல்லும் முறையும் இங்கேயே: ஒருவருக்கு 'சவுபோனா', பலருக்கும் பெரியவர்களுக்கும் 'சனிபோனானி'. பெரியவர் கொடுப்பதை இரண்டு கையாலும் வாங்குவது போன்ற மரியாதைகளை ஆசிரியை சொல்லாமலே கொண்டுவருவார். அதற்கு நேரம் விடுங்கள்.

இரண்டாம் பருவம் விலங்குகளும் வீட்டுப் பொருள்களும். நாக்கைச் சொடுக்கி எழுப்பும் கிளிக் ஒலிகளை இங்கே வைப்பது வசதி. முட்டை, தவளை, தோடு ஆகிய மூன்றின் சூலுப் பெயர்களிலும் மூன்று வேறு கிளிக்குகள் இருக்கின்றன, மூன்றும் ஒரே பெயர்ச்சொல் வகுப்பு, பன்மை மூன்றுக்கும் 'அமா-' என்றுதான் தொடங்கும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய். ஒலிகளைப் பற்றிப் பயம் வேண்டாம்: ஒன்று நாம் உச்சுக்கொட்டுவதேதான். இன்னொன்று வண்டிமாட்டை முடுக்கக் கன்னத்தோரம் எழுப்பும் ஒலி. மூன்றாவதற்கு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'டொக்' என்று விட வேண்டும். பிள்ளைகள் ஒரு வாரத்தில் பிடித்துவிடுவார்கள்.

மூன்றாம் பருவம் பள்ளி, ஊர், இடங்கள். செப்டம்பர் 24 பாரம்பரிய தினம் இந்தப் பருவத்தின் கடைசியை ஒட்டி வருவதால் பேச்சுப் பணியை அதோடு சேர்த்துவிடலாம். நான்காம் பருவத்தில் புதிதாக எதுவும் வேண்டாம். மூன்று சுற்றுதான் கிடைக்கும், திரும்பப் படிக்கவே அது போதாது. எண்களைப் பத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் சொற்கள் மிக நீளம். கடையில் விலை சொல்லும்போது சூலு பேசுகிறவர்களே பெரும்பாலும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்கள்.

சரி, வீட்டில் சூலு பேசும் பிள்ளைகள். அவர்களை மொழிபெயர்ப்பாளர்களாக்கி உட்கார வைக்காதீர்கள். சரளமாகப் பேசுவார்கள், ஆனால் ஆங்கிலவழிப் பள்ளியில் படித்ததால் பலருக்குச் சூலுவில் வாசிக்க வராது. 'நான் உன்னை நேசிக்கிறேன்' என்பதை 'ங்கியாகுதாண்டா' என்று ஒரே சொல்லாக எழுதும் மொழி அது. அசைபிரித்து வாசிக்கப் பழகவில்லை என்றால் நீளச் சொல்லில் மூச்சு வாங்கும். அதனால் வாசிப்புக்கான அந்த 5 மணி நேரத்தில்தான் வகுப்பைப் பிரிக்க வேண்டும். ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் தளத்தில் சூலுக் கதைகள் இலவசமாக, நிலைவாரியாகக் கிடைக்கின்றன. புதியவர்களுக்கு நிலை 1, 2. மற்றவர்களுக்கு 3, 4. பல கதைகளுக்கு ஆங்கில வடிவமும் இருப்பதால் நீங்களும் முன்கூட்டியே படித்துவிட்டு ஆசிரியையுடன் பேசலாம். நலிபாலி என்ற வாசிப்பு இயக்கத்திலும் இருமொழிக் கதைகள் உண்டு. கேட்டல் பேசுதல் நேரத்தில் இரு தரப்பும் ஒன்றாகவே இருக்கட்டும், இணை இணையாக.

ஆசிரியை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தாய்மொழியாளர்கள் பெரும்பாலும் பாடத்தைத் தாய்மொழிப் பாடம் போலவே உயரத்தில் வைத்துவிடுவார்கள். கூடுதல் மொழியில் தேர்ச்சிக்குத் தேவை 40 சதவீதம், தாய்மொழிக்குத்தான் 50. முதல் மதிப்பீட்டுத் தாளை ஒரு மாதம் முன்பே எழுதி வாங்கி, வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு அது எட்டுமா என்று இருவரும் உட்கார்ந்து பாருங்கள்.

நேட்டாலில் நான்கைந்து தலைமுறையாக இருக்கும் இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால் இன்னொன்றும் வரும். தாத்தா பாட்டி "எனக்குச் சூலு தெரியும்" என்று சொல்லித் தருவது பல வீடுகளில் ஃபனகலோ. தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் புழங்கிய கலப்பு மொழி அது. 'வேண்டும்' என்பதற்கு அதில் 'மினா ஃபுனா', சூலுவில் 'ங்கிஃபுனா'. நாம் முதுகெலும்பு என்று வைத்திருக்கும் முன்னொட்டுகளே அதில் கிடையாது. முதலாளி வேலையாளிடம் பேசிய தொனி அதில் ஒட்டியிருப்பதால் சூலு மக்கள் பலருக்குப் பிடிக்காது. பிள்ளையைக் கண்டிக்க வேண்டாம், சரியான வடிவத்தைத் திருப்பிச் சொன்னால் போதும். பெற்றோர் கூட்டத்தில் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வீட்டுப்பாடத்துக்குப் பயன் உண்டு, ஆனால் சொற்பட்டியல் அனுப்பாதீர்கள். சூலு எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே பெரிய இடைவெளி இல்லை. ரோமன் எழுத்து தெரிந்த பெற்றோர், 'டி' (t) எழுத்தோடு 'ஹெச்' (h) சேர்ந்து வந்தால் ஆங்கிலம் போல் உச்சரிக்காமல் காற்று சேர்த்த 'ட' என்றும், 'பி'யோடு (p) 'ஹெச்' வந்தால் 'ஃப' இல்லை, காற்று சேர்த்த 'ப' என்றும் தெரிந்துகொண்டாலே பிள்ளை சரியாக வாசிக்கிறதா என்று ஓரளவு பார்த்துவிடலாம். இந்த இரண்டு விதியையும் கிளிக் எழுத்துகள் மூன்றையும் ஒரு அரைப்பக்கத் தாளில் கொடுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பில் ஏற்கெனவே வாசித்த கதையின் ஒரு பக்கம் வீட்டுக்குப் போகட்டும், சத்தமாக வாசித்துக் காட்ட. காரில் பள்ளிக்கு வரும் குடும்பங்கள் உகோஸி எஃப்எம் என்ற சூலு வானொலியைப் போட்டுவிடலாம். புரியாவிட்டாலும் மொழியின் ஏற்ற இறக்கம் காதில் விழும்.