பெரும்பான்மைக்கும் எல்லை உண்டா?

கேள்வி: மக்கள் வாக்களித்து அமைத்த அரசு, தான் நினைத்ததைச் செய்வதுதானே மக்களாட்சி? அரசியலமைப்புவாதம் என்ற பெயரில் அதன் கையைக் கட்டுவது எப்படி நியாயமாகும்?
– வாசகர் ஒருவர், வில்லியனூர், புதுச்சேரி.

பதில்: நம்மை ஆள்வது யார் என்பதைத் தேர்தல் முடிவு செய்கிறது. அப்படி ஆள வந்தவர் எதுவரை போகலாம் என்பதை வரையறுப்பதே அரசியலமைப்புவாதம். இதற்கு எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம் மட்டும் போதாது. 1936-ஆம் ஆண்டின் சோவியத் அரசமைப்புச் சட்டத்திலும் பேச்சுரிமை இருந்தது. அதைக் கேட்டு வாங்கித் தரத் தனித்தியங்கும் நீதிமன்றம்தான் இல்லை.

உங்கள் வீட்டுக்குக் கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து வரும் வீட்டு வரி நோட்டீஸையே பாருங்கள். சட்டத்தின் ஆதாரமின்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 265-ஆவது பிரிவு. அமைச்சரே வாய்மொழியாக உத்தரவிட்டாலும், சட்டத்தில் இல்லாத வரியாக ஒரு ரூபாய்கூட உங்களிடம் கேட்க முடியாது.

பெரும்பான்மைக்கும் இதே கதிதான். பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்கவே கூடாது என்று 1975-இல் நாடாளுமன்றம் 39-ஆவது திருத்தத்தை நிறைவேற்றியபோது, 1973-இல் 13 நீதிபதிகள் விசாரித்த கேசவானந்த பாரதி வழக்கில் வகுத்த, அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படைக் கூறுகளைத் திருத்தத்தாலும் அழிக்க முடியாது என்னும் அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டைக் கொண்டு, திருத்தத்தின் அந்தப் பகுதியை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் செல்லாததாக்கியது. அதே நீதிமன்றம் மறு ஆண்டே, நெருக்கடி நிலையில் காவலில் வைக்கப்பட்டவர்கள் விடுதலை கோரி நீதிமன்றத்தை நாட முடியாது என்று கைவிட்டதையும் வேதனையோடு சொல்லியாக வேண்டும். ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டு நின்றார். உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குமான உரிமையை நெருக்கடி நிலையிலும் முடக்க முடியாது என்ற பாதுகாப்பு, 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தத்தில்தான் கிடைத்தது.

நம் புதுச்சேரிச் சட்டப்பேரவையில், தேர்ந்தெடுக்கப்பட்ட 30 உறுப்பினர்களோடு மூவர் வரை மத்திய அரசு நியமிக்கலாம் என்று யூனியன் பிரதேசங்களின் ஆட்சிக்கான 1963-ஆம் ஆண்டின் சட்டம் இடமளிக்கிறது. இங்குள்ள அமைச்சரவையைக் கேளாமல் நியமித்தாலும் செல்லும், அவர்கள் பட்ஜெட்டிலும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் வாக்களிக்கலாம் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், சட்டப்படி அதில் பேச இடமில்லை. ஆயினும், மக்களிடம் வாக்குக் கேட்டு வராத மூவரால் ஓர் ஆட்சியின் பலமே மாறக்கூடும் என்னும்போது, அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவோர் இங்குள்ள அரசைக் கலந்து பேசி, மிகுந்த தன்னடக்கத்தோடு பயன்படுத்த வேண்டும் என்று கேட்க வில்லியனூர் வாக்காளருக்கு முழு உரிமை உண்டு என்பதே என் உறுதியான கருத்து.