நனைவது ஓரிடம், ஒழுகுவது வேறிடம்: வாசகர் கேள்வி – பதில்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வரும் கடிதங்களில் சுவர் ஓதமும் கூரைக் கசிவும்தான் அதிகம். ஏறக்குறைய எல்லாருமே ‘எங்கே நனைகிறது’ என்று விரிவாக எழுதுகிறார்கள். ‘எப்போது நனைகிறது’ என்பதைச் சிலர்தான் எழுதுகிறார்கள். எங்களுக்கு முதலில் வேண்டியது அந்த இரண்டாவது தகவல்.

வேளச்சேரியில் இரண்டாவது மாடி ஃபிளாட் எங்களுடையது. குளியலறைச் சுவரை ஒட்டிய படுக்கையறைக் கூரையில் நான்கு மாதமாக ஈரம் பரவுகிறது. மேல்வீட்டுக்காரர் தன் பக்கம் கசிவே இல்லை என்கிறார். பிளம்பரோ மேலே தரை முழுவதையும் உடைக்கச் சொல்கிறார். என்ன செய்வது?
– வாசகி, வேளச்சேரி

உடைப்பதைத் தள்ளிப்போடுங்கள். ஈரக் கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு, தேதியும் நேரமும் எழுதுங்கள். சொட்டினால் அடியில் பாத்திரம் வைத்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லி சேர்கிறது என்று குறியுங்கள். ஒரு வாரக் குறிப்பு போதும். இரவும் பகலும் ஒரே அளவில் சொட்டினால் எந்நேரமும் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாயைச் சந்தேகிக்கலாம். காலைக் குளியலுக்குப் பிறகு கூடி, மேல்வீட்டார் ஊருக்குப் போனால் குறைந்தால் கழிவுக் குழாயோ தரையோ காரணமாக இருக்கும்.

இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நம் ஃபிளாட்டுகளில் குளியலறைத் தளத்தைத் தாழ்த்தி, குழாய் போட்டு, செங்கல் துண்டுகளால் நிரப்பியிருப்பார்கள். அந்த நிரப்பல் ஊறிவிட்டால், மேலே தண்ணீரை நிறுத்திய பிறகும் பல நாள் சொட்டும். “இரண்டு நாள் பூட்டி வைத்தோம், அப்படியும் ஒழுகியது, எங்கள் குளியலறை காரணமில்லை” என்று மேல்வீட்டார் சொல்வது நேர்மையாகவே இருக்கலாம், ஆனால் அது முடிவாகாது. சொட்டு நின்றதா என்று பார்ப்பதைவிட, அளவு நாளுக்கு நாள் குறைகிறதா என்று பாருங்கள்.

அடுத்து சோதனைகள். ஒரு நேரத்தில் ஒன்றுதான், நடுவே குறைந்தது ஒரு நாள் இடைவெளி வேண்டும். முதலில் பிரஷர் டெஸ்ட். மேல்வீட்டுக் குளியலறைக்கு வரும் வால்வை மூடி, ஒரு குழாய் முனையில் கேஜ் வைத்த கை பம்பை மாட்டி, மற்ற முனைகளுக்கெல்லாம் பிளக் போட வேண்டும். கீசரைக் கழற்றி அதன் இரண்டு முனைகளையும் ஒரு ஹோஸால் இணைத்துவிட்டால், சுடுநீர் லைனும் சேர்ந்தே சோதனையாகிவிடும். 5 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தம் ஏற்றி அரை மணி நேரம் முள்ளைக் கவனியுங்கள். பத்து மீட்டர் உயரத் தொட்டி தரும் அழுத்தம் ஒரு கிலோதான், ஆகவே இது போதிய சோதனை. முள் இறங்கினால் உடனே சுவரை உடைக்கக் கூடாது, மூடிய வால்வே உள்ளுக்குள் கசியலாம். வால்வுக்குப் பின்னால் பைப்பைக் கழற்றி மூடி போட்டு மறுபடி பாருங்கள்.

முள் அசையாமல் நின்றால் குழாய் தப்பித்தது. இனி கழிவு வழி. தரையில் ஒரு சொட்டும் சிந்தாமல், ஹோஸை நேராகத் தரை ட்ராப்புக்குள் (தரைத் தண்ணீர் வடியும் வாய்) விட்டு ஐந்து பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். உணவு நிறப்பொடி கலந்தால் நல்லது. மஞ்சள்தூள் வேண்டாம்: அது தண்ணீரில் கரையாது, சிமெண்டின் காரத்தில் சிவப்பாகவும் மாறிவிடும். கீழே நிறம் தெரிந்தால் சாட்சி கிடைத்தது. தெரியாவிட்டால் கசிவு இல்லை என்று பொருளல்ல, கான்கிரீட் வழியில் நிறத்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்போதும் சொட்டின் அளவுதான் சொல்லும். மறுநாள் கம்மோடு ஃபிளஷ். அதற்கு மறுநாள் ட்ராப்பை ஈரத்துணியால் இறுக அடைத்து, தரையில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்துங்கள். கடைசியாக ட்ராப்பைத் திறந்துவிட்டு, சுவர் டைல்ஸ் மீது மட்டும் ஷவரை அரை மணி நேரம் அடிக்கலாம்.

ட்ராப்புக்குள் ஊற்றியபோது கூடாத கசிவு, தண்ணீர் நிறுத்தியபோது கூடினால், குற்றவாளி பெரும்பாலும் ட்ராப்பின் விளிம்பும் தரையும் சேரும் இடம், அல்லது வாசற்படியின் அடி. டைல்ஸுக்குக் கீழே இறங்கிய தண்ணீர் கதவு நிலையின் அடியில் படுக்கையறைப் பக்கம் நகர்ந்துவிடும். உங்கள் கறை படுக்கையறையில் தெரிவதற்கு இது பொருந்துகிறது. ட்ராப் மட்டும்தான் என்றால் சுற்றிலும் ஓர் அடி வெட்டிச் சரிசெய்தால் போதும். தரை முழுவதும் கசிந்தால்தான் உங்கள் பிளம்பர் சொல்லும் வேலை. அப்போதும் புது டைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது, அதன் அடியில் போடும் நீர்த்தடுப்புப் பூச்சுதான் தடுக்கும். பூச்சு காய்ந்ததும், டைல்ஸ் ஒட்டும் முன், தண்ணீர் நிறுத்திப் பார்த்தே தீர வேண்டும்.

உங்கள் கூரையில் அடியிலிருந்து ஊசி போட்டு ரசாயனம் ஏற்றி அடைக்க ஆள் வருவார்கள். மேலே தண்ணீர் வருவதை நிறுத்தாமல் அதைச் செய்தால், தண்ணீர் நான்கடி தள்ளி வேறு விரிசலைத் தேடிக்கொள்ளும். கூரையில் பழுப்புக் கோடு தெரிந்தாலோ காரை உப்பினாலோ உள்ளே கம்பி துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட்டைப் பிளந்து தள்ளிவிடும். கசிவு நின்றதும் அந்த இடத்தைப் பொறியாளர் ஒருவர் பார்க்க வேண்டும்.

கட்டடம் புதிது என்றால் இன்னொன்று: ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை, மேம்பாடு) சட்டம் 2016, பிரிவு 14இன்படி, வீடு ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் தெரிவிக்கும் கட்டமைப்பு, வேலைத்தரக் குறைகளைக் கட்டுநர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். மேலே சொன்ன குறிப்புகளையும் படங்களையும் இணைத்து எழுத்தில் கொடுங்கள்.

மயிலாப்பூரில் சுண்ணாம்புக் கட்டு கொண்ட பழைய வீடு. சுவரின் கீழ் மூன்றடி உப்புப் பூத்து உதிர்கிறது. இரண்டு வருடம் முன்பு நீர்த்தடுப்பு ரசாயனம் கலந்து சிமெண்ட் பூச்சுப் பூசினோம். இப்போது அதற்கு மேலே நான்கரை அடியில் உதிர்கிறது. ஏன்?
– வாசகர், மயிலாப்பூர்

அந்தப் பூச்சுதான் ஈரத்தை மேலே ஏற்றியது. தரையிலிருந்து செங்கலும் சுண்ணாம்பும் உறிஞ்சும் ஈரம் சுவர் முகத்தில் ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. சிமெண்ட் அந்த வழியை மூடியதும், பூச்சு முடிகிற இடம்வரை ஏறி அங்கே வெளியேறுகிறது, கொண்டுவந்த உப்பையும் அங்கேயே விடுகிறது.

ஆனால் தரை ஈரம் என்றே முடிவு கட்டும் முன் இரண்டு பாருங்கள். உள் குறுக்குச் சுவர்களிலும் அதே உயரத்தில் கறை இருந்தால் தரை ஈரம் என்பது வலுப்படும். தெருப்பக்கச் சுவரில் மட்டும் என்றால் தெருவைப் பாருங்கள். பழைய சாலையைச் சுரண்டாமலே மேல் மேல் போட்டதில், முன்பு மூன்று படி ஏறிப் போன வீடுகள் சென்னையில் இன்று தெரு மட்டத்துக்கு வந்துவிட்டன. சாலை ஈரம் அடிமட்டத் தடுப்பை (தரை ஈரம் ஏறாமல் சுவரின் அடியில் போடும் அடுக்கு) தாண்டி நேராகச் சுவரில் ஏறுகிறது. பக்கச் சந்தில் கழிவுநீர்த் தொட்டியோ சம்ப்போ (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) சுவரை ஒட்டி இருந்தால் அதையும் சந்தேகியுங்கள்.

உறுதிசெய்ய, தரையிலிருந்து 15, 50, 100, 150 சென்டிமீட்டர் உயரங்களில் மெதுவாகத் துளையிட்டு (வேகமாகப் போட்டால் சூட்டில் தூள் காய்ந்துவிடும்), 5 சென்டிமீட்டர் ஆழத்துத் தூளைத் தனித்தனி பொட்டலமாக எடுங்கள். நகைத் தராசில் எடை போட்டு, ஓவனில் 105 டிகிரியில் காயவைத்து மறுபடி எடை போடுங்கள். உள்ளே ஈரம் கீழிருந்து மேலாகக் குறைந்துகொண்டே போனால் ஈரம் அடியிலிருந்து ஏறுகிறது. மேல்தோல் நனைந்து உள்ளே காய்ந்திருந்தால் காற்றின் ஈரம். ஊசி முனைகளைக் குத்திப் பார்க்கும் ஈரமானி உப்புச் சுவரில் காய்ந்த இடத்தையும் ஈரம் என்று காட்டும், அதை மட்டும் நம்பாதீர்கள்.

வழி: ஈரம் வருவதை நிறுத்தி, சிமெண்ட் பூச்சைக் கறைக்கு ஓர் அடி மேல்வரை முழுவதும் உரித்து, சுவரைத் திறந்தே விடுங்கள். ஓர் அங்குல கனத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு, ஒன்பது அங்குலச் சுவருக்கே முக்கால் வருடம். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், கழுவினால் திரும்ப உள்ளே போகும். பிறகு 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல் கலந்த பூச்சு, மேலே சுண்ணாம்பு வெள்ளை. பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம்.

மொட்டை மாடிக்கு வெள்ளைக் கோட்டிங் அடித்தும், மழை விட்டு இரண்டு நாள் கழித்து ஹால் ஃபேன் கொக்கியில் சொட்டுகிறது. கொக்கிக்கு நேர் மேலே விரிசலே இல்லை.
– வாசகர், அம்பத்தூர்

முதலில் ஃபேன் லைனின் எம்.சி.பி.யை (மின்பெட்டியில் உள்ள தானியங்கி சுவிட்ச்) இறக்கிவிடுங்கள். தண்ணீர் கான்கிரீட்டுக்குள் போகும் ஒயர் பைப் வழியே ஓடி, ஃபேன் கொக்கி இருக்கும் பெட்டியில் வெளிவருகிறது.

நேர் மேலே விரிசல் தேடுவதில் பயனில்லை. தட்டோட்டுக்கு (மாடித் தரையில் பதித்த தட்டை ஓடு) கீழே மூன்று அங்குலம்போல செங்கல் ஜல்லி, சுண்ணாம்புப் படுகை இருக்கிறது. எங்கோ நுழைந்த மழைநீர் அதில் ஊறி, தளத்தின் மீது வாட்டம் பார்த்து நகர்ந்து, கிடைத்த ஓட்டையில் இறங்குகிறது. இரண்டு நாள் தாமதம் அந்தப் படுகையால்தான். கைப்பிடிச் சுவரின் அடி மூலை, மழைநீர்க் குழாயின் வாய், டேங்க் மேடையின் அடி, சோலார் ஸ்டாண்டு போல்ட்டு ஆகியவற்றைப் பாருங்கள். டேங்க் வழிந்து அங்கேயே கொட்டுகிறதா என்றும் பாருங்கள். மழையில்லாத வாரத்திலும் சொட்டினால் அதுதான்.

மாடியைப் பத்தடிக்குப் பத்தடி பகுதிகளாக, மூன்று அங்குல சிமெண்ட் வரப்புக் கட்டிப் பிரியுங்கள். வாட்டத்தில் தாழ்ந்த பகுதியில் தொடங்கி, ஒவ்வொன்றிலும் 5 சென்டிமீட்டர் தண்ணீரை 48 மணி நேரம் நிறுத்துங்கள். வரப்பு கைப்பிடிச் சுவருக்கு அரை அடி முன்பே நிற்கட்டும், சுவர் மூலையைத் தனியாக நனைத்துப் பாருங்கள். சொட்டு நின்று காய்ந்த பிறகே அடுத்த பகுதி. 5 சென்டிமீட்டர் தண்ணீர் சதுர மீட்டருக்கு 50 கிலோ எடை. தேக்கு உத்தரத்தில் நின்ற பழைய மெட்ராஸ் டெரஸில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

கோட்டிங்கைக் குறை சொல்வதற்கு முன், ஈரம் உள்ளே இருக்கும்போது அடித்தீர்களா என்று யோசியுங்கள். வெயிலில் அந்த ஈரம் ஆவியாகிக் கொப்புளம் போட்டுப் பிரித்துவிடும். சென்னையில் இந்த வேலைக்கு ஏற்ற காலம் மார்ச் முதல் மே வரை. அதற்கும் முன் தட்டோடுகளைச் சுத்தியல் பிடியால் தட்டி, பொள்ளென்று கேட்பவற்றை மாற்றி, சந்துகளைச் சுரண்டி நிரப்புங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் படுக்கையறைச் சுவர் நனைகிறது.
– வாசகி, கொளத்தூர்

மழை மிகக் குறைந்த மாதங்கள், ஆகவே முதல் சந்தேகம் ஏசி. வெளியேற்றும் பைப்பில் பாசி அடைத்திருக்கும், அல்லது வாட்டம் திரும்பியிருக்கும். ஏசி தட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, வெளி முனையில் எவ்வளவு வருகிறது என்று அளந்தால் போதும். அளவு சரியாக வந்தால், சுவருக்குள் போகும் செம்புக் குழாயின் ரப்பர் உறை கிழிந்து வியர்க்கிறதா என்று பாருங்கள்.

தெர்மல் கேமரா வைத்துக் கசிவு கண்டுபிடிப்பதாகச் சொல்லி ஆட்கள் வருகிறார்கள். நம்பலாமா?
– வாசகர், திருவான்மியூர்

அது காட்டுவது வெப்ப வேறுபாடு, தண்ணீரை அல்ல. ஆவியாகும் ஈரம் குளிர்ந்திருப்பதால் நீலமாகத் தெரியும். ஏசி காற்று படும் சுவரும் அப்படியே தெரியும். எங்கே சோதிப்பது என்று குறுக்க உதவும், சோதனைக்கு மாற்றாகாது. சுடுநீர்க் குழாய்க் கசிவுக்கு மட்டும் நன்றாகவே உதவும்: கீசரைப் போட்டு, சுடுநீரை ஓடவிட்டு, முன்னும் பின்னும் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

சம்ப்பில் தண்ணீர் தானாகக் குறைகிறது. கீழ்ச்சுவரும் ஈரம்.
– வாசகி, மடிப்பாக்கம்

மோட்டாரை நிறுத்தி, உள்ளே வரும் குழாயையும் மூடி, மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் சம்ப்பில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் 30 லிட்டர் போயிருக்கிறது. குறையாவிட்டால் கசிவு சம்ப்பில் இல்லை, மேல் டேங்கையும் லைனையும் இதே முறையில் பாருங்கள். குறைந்துகொண்டே வந்து ஒரு மட்டத்தில் நின்றுவிட்டால் விரிசல் அந்தக் கோட்டில் இருக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் வெளியே நிலத்தடி நீர் உயர்ந்து நிற்கும்போதும் குறைவு நின்றுவிடும், எனவே இந்தச் சோதனையைக் கோடையில் செய்யுங்கள். பழுது பார்க்க ஆளை இறக்கும் முன் மூடியை முழுவதும் திறந்து ஃபேன் வைத்துக் காற்றோட்டம் கொடுங்கள், மேலே ஒருவர் கயிற்றோடு நிற்கட்டும். மூடிக் கிடந்த சம்ப்புக்குள் மூச்சுத் திணறி ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.