பெட்டி வைக்கலாம், தென்னைக்கு நேர் கீழே வேண்டாம்

கேள்வி: நாகர்கோவில் பக்கம் எங்கள் வீடு, பின்னால் தென்னையும் முருங்கையும் நிற்கின்றன. பிள்ளைகள் தேனீ வளர்க்கலாம் என்கிறார்கள், மாமியார் கொட்டிவிடும் என்று பயப்படுகிறார். ஆரம்பிக்கலாமா?

பதில்: தாராளமாக. மார்த்தாண்டம் தேனுக்குப் பேர்போன ஊர், பெட்டியும் தேனீக் கூட்டமும் பக்கத்திலேயே கிடைக்கும். நம்மூர் இனமான அடுக்குத் தேனீயே போதும், இத்தாலியத் தேனீ இப்போதைக்கு வேண்டாம். தேங்காய் விழாத நிழலாகப் பார்த்து, பெட்டியின் வாசல் நடைபாதையைப் பார்க்காதபடி வையுங்கள். ஸ்டாண்டின் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் அவசியம், ஒரு ராத்திரி வற்றினாலும் எறும்பு ஏறிவிடும், ஒரு காய்ந்த இலை பாலம் போட்டாலும் அதே கதைதான். மழைக்காலத்தில் பூ இருக்காது, அப்போது சாயங்காலம் சர்க்கரைக் கரைசல் வைக்காவிட்டால் மொத்தக் கூட்டமும் கிளம்பிப் போய்விடும். பிப்ரவரிக்கு அப்புறம் ரப்பர் துளிர்க்கும்போதுதான் உங்கள் பக்கம் நல்ல தேன் வரத்து, அந்தத் தேன் பூவிலிருந்து அல்ல, இலைக்காம்பில் கசிவது! பெட்டியின் மேல் அடுக்கில் மெழுகு மூடிய அறைகளிலிருந்து மட்டும் தேன் எடுங்கள். மாமியார் பயம் நியாயம்தான், கொட்டும். கொடுக்கைப் பிடித்து இழுக்காமல் நகத்தால் சட்டென்று சுரண்டி எடுத்துவிடுங்கள். மூச்சுத் திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ வந்தால் உடனே ஆஸ்பத்திரி, கைவைத்தியம் கூடாது.