காசு வாங்கி ஆடின முதல் ஆளு

கேள்வி: எங்க ஊரு கபடில வெளியூர் பிளேயரை காசு குடுத்து இறக்குறாங்க, சண்டையே வருது சார். அமெரிக்கன் ஃபுட்பால்ல இதை ஆரம்பிச்சது யாரு? - வாசகர், பாலக்கோடு

பதில்: கணக்குப் புக்குல மாட்டின முதல் ஆளு வில்லியம் 'பட்ஜ்' ஹெஃபல்ஃபிங்கர். 1867ல மினியாபொலிஸ்ல பொறந்தவரு, யேல் காலேஜ் டீம்ல கார்டு, அதாவது பந்தோட ஓடுற ஆளு இல்ல, முன்வரிசைல நின்னு எதிராளிய இடிச்சு வழி பண்ணிக் குடுக்குற ஆளு. 1889, 90, 91னு மூணு வருஷமும் ஆல் அமெரிக்கா லிஸ்ட்ல, அதாவது அந்தந்த வருஷத்து சிறந்த காலேஜ் பிளேயர்ங்க லிஸ்ட்ல பேரு. 1892 நவம்பர் 12ல அலிகெனி கிளப்பு பிட்ஸ்பர்க் கிளப்புக்கு எதிரா இவரை இறக்குச்சு, ஒரே மேட்ச்சுக்கு 500 டாலர், வழிச்செலவு தனியா 25. வாங்கின காசுக்கு வஞ்சனை பண்ணல மனுஷன், எதிராளி கைல இருந்த பந்தை தட்டிவிட்டு தானே எடுத்துட்டு எதிராளி எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடி டச்டவுன் போட்டுட்டாரு, அப்பல்லாம் அதுக்கு 4 பாயிண்டுதான், மேட்ச்சே 4-0ல முடிஞ்சுது. காசு வாங்காம ஆடுற அமெச்சூர் ஆட்டம்னு வெளிய சொல்லிட்டு உள்ள இந்தக் கூத்து! அலிகெனி கிளப்போட அந்த செலவுக் கணக்கு வெளிய வந்ததே அவரு 1954ல 86 வயசுல செத்ததுக்கு அப்புறம்தான். உங்க கபடி கமிட்டி நோட்டையும் பத்திரமா வைங்க.