டோஸ்ட்மாஸ்டர்ஸ்னா என்ன, காலேஜ் பசங்களுக்கு அது யூஸ் ஆகுமா?

சிம்பிளா சொன்னா, நாலு பேர் முன்னாடி பேசவும் ஒரு மீட்டிங்க நடத்தவும் பழகிக்கிற கிளப். 1924ல அமெரிக்கால ரால்ஃப் ஸ்மெட்லி ஆரம்பிச்சது, பெங்களூருல இப்போ நிறைய இருக்கு, 18 வயசு ஆனா சேரலாம், சேர்றதுக்கு முன்னாடி கெஸ்ட்டா போய் உக்காந்தும் பாக்கலாம்.

இதுல வாத்தியாரே கிடையாது, அதான் விஷயம். டேபிள் டாபிக்ஸ்னு ஒன்னு வரும், அந்த எடத்துலயே ஒரு கேள்வி குடுத்து எழுப்பி விட்டுருவாங்க, ஒன்னு ரெண்டு நிமிஷம் பேசணும், டைம் ஆக ஆக பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டுவாங்க, எத்தன தடவ ‘ஆ... ம்ம்’னு இழுத்தோம்னு எண்ணுறதுக்கே தனியா ஒரு ஆளு (மொதல்ல கடுப்பாதான் இருக்கும்). டைம் பாக்குறது, நிறைகுறை சொல்றது, மீட்டிங்க நடத்துறதுன்னு பொறுப்பு மாறி மாறி வரும், லீடர்ஷிப் பழகுறது அதுலதான். நம்மாளுங்க கேஆர் மார்க்கெட்ல பேரம் பேசிப் பேசியே கன்னடம் புடிச்சிக்கிற மாதிரி, தப்பும் தவறுமா பேசிப் பேசியே கூச்சம் போயிடும்.

அப்புறம், இங்கிலீஷ் நல்லா வந்தாதான் போகணும்னு நெறைய பேர் தள்ளிப் போடுறாங்க, அப்படியெல்லாம் ரூல் இல்ல, தமிழ்லயே நடக்குற கிளப்பும் இருக்கு.